முனைவர் பட்ட மாணவர் தொழிற்சாலைக்குப் போகலாமா?
பொருளறிவியல் பயிலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஓர் அம்மையார் என்னை நிறுத்தினார். "தம்பி, எங்க பொண்ணு மெட்டீரியல்ஸ் சயின்ஸ்ல பிஎச்.டி. பண்றா. மூணு வருஷம் ஆச்சு. இப்ப ஆறு மாசம் ஏதோ கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போகணுமாம். படிப்பைப் பாதியில விட்டுட்டு வேலைக்குப் போறாளோன்னு அவங்க அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்" என்றார். நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய செய்தியா அது? எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கே இக்கட்டுரை.

அதே கேள்வியை என் தந்தையார் 2012-ஆம் ஆண்டில் என்னிடம் கேட்டார். அன்று எனக்கும் சரியான விடை தெரியவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லைத் தட்டிக் கேட்டவர்

எங்கள் ஊர் ஹனூர். கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கொள்ளேகாலம் பகுதி 1956 வரை பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; மொழிவாரிப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் பக்கம் 1997-இல் சாமராஜநகர் மாவட்டமாகப் பிரிந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், சந்தையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் தந்தையார் கல் வேலை செய்தவர். எங்கள் பக்கத்துக் கருங்கல் பெயர் பெற்றது. ஒரு கல்லை எடுப்பதற்கு முன் அவர் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். 'கணீர்' என்றால் எடுப்பார். 'தொப்' என்றால் ஒதுக்கிவிடுவார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஒலி அடங்கிப்போகும். அறுக்காமல், உடைக்காமல் ஒரு பொருளின் உட்குறையை அறிகிற இம்முறையைத்தான் பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மீயொலிச் சோதனை என்ற பெயரில் படித்தேன். கருவி மாறியது, கேள்வி மாறவில்லை.

உளி மழுங்கினால் கொல்லரிடம் கொண்டுபோவோம். அவர் உளியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். தோய்த்த உளி மிகக் கடினமாக இருக்கும். ஆனால் அடித்தால் கண்ணாடி போலச் சிதறும். ஆகவே நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் மெல்லச் சூடேறவிட்டு, அதன் மேல் ஓடும் நிறத்தைப் பார்ப்பார். வைக்கோல் மஞ்சள் வந்தால் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ். நீலம் வந்தால் ஏறக்குறைய 300 டிகிரி. எஃகின் மேல் படரும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே அந்நிறத்தைத் தருகிறது. எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஏன் அப்படி நிறுத்த வேண்டும் என்று கேட்பதே பொருளறிவியல்.

பொருளறிவியல் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளை எப்படிச் செய்தோம், செய்ததனால் அதன் உள்ளமைப்பு எப்படி ஆயிற்று, அவ்வமைப்பினால் அதற்கு என்ன குணம் வந்தது, அக்குணத்தினால் அது எப்படி உழைக்கிறது என்ற நான்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிற படிப்பு இது. உலோகம், களிமண் பொருள்கள், கண்ணாடி, நெகிழி, மின்கலத்தில் இருக்கும் வேதிப்பொருள் என எல்லாம் இதில் அடங்கும்.

நான்கில் முதலாவது 'செய்முறை'. அது பெரும்பாலும் தொழிற்சாலையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நான் அரைக் கிலோ அலுமினியத்தைச் சிறு மூசையில் உருக்குவேன். தொழிற்சாலையின் உலையிலோ நூற்றுக்கணக்கான கிலோ உருகிக்கொண்டிருக்கும். மழை பெய்யும், ஆள் மாறுவார், மின்சாரம் நிற்கும். இவையும் செய்முறையின் பகுதிகளே என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். முனைவர் பட்ட மாணவரைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதன் காரணம் இதுவே.

இது புதிய பழக்கம் அன்று

மின்சார இயலின் தந்தையருள் ஒருவரான மைக்கேல் ஃபாரடே, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு கூடி எஃகு ஆராய்ச்சி செய்தார். அவர்கள் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று தென்னிந்தியாவிலிருந்து சென்ற 'வூட்ஸ்' எஃகு. கன்னடத்து 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகிய சொற்களோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சொல் அது. அறிவியலாரும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்ததற்கு நம் ஊர் எஃகே காரணமாயிற்று என்பது நமக்குப் பெருமை.

பிற்காலத்தில் நாடுகள் இதற்கு முறையான திட்டங்கள் வகுத்தன. டென்மார்க்கில் 1970-களின் தொடக்கத்திலிருந்து 'தொழில்துறை முனைவர் பட்டம்' உண்டு. மாணவர் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு நிறுவனத்தில் ஊழியராகவும் இருப்பார். பிரான்சு 1981-இல் இதுபோன்ற திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1992-இல் பொறியியல் முனைவர் பட்டம் வந்தது. அதில் மாணவர் காலத்தின் பெரும்பகுதியை நிறுவனத்தில் கழிக்கிறார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, தன் நிதியில் ஆய்வு செய்யும் மாணவர்கள் 6 மாதம் வரை வெளி நிறுவனங்களில் பயிற்சி பெறக் கூடுதல் பணம் தரும் திட்டத்தை 2017-இல் அறிவித்தது.

நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1909-இல் ஜாம்ஷெட்ஜி டாடாவின் எண்ணத்தாலும் மைசூர் அரசு அளித்த 371 ஏக்கர் நிலத்தாலும் உருவானது. அங்கே 1945-இல் தொடங்கிய உலோகவியல் துறையே இன்று பொருள் பொறியியல் துறையாக இருக்கிறது. நிறுவன ஊழியர்கள் வெளியிலிருந்தபடியே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவும் அக்கழகத்தில் வழி உண்டு. தமிழ்நாட்டில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்றது. துருப்பிடித்தலும் மின்கலமும் அங்கே ஆராயப்படுவதால் தொழிற்சாலைகளோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு. மேலும், பாரதப் பிரதமர் பெயரில் ஓர் ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இந்தியத் தொழில் கூட்டமைப்போடு இணைந்து 2012-ஐ ஒட்டித் தொடங்கப்பட்டது. அரசு ஒரு பங்கும் தொழில் நிறுவனம் ஒரு பங்கும் தந்து, மாணவர் இரு இடத்திலும் ஆய்வு செய்யும் ஏற்பாடு அது.

ஆகவே அந்த அம்மையாருக்கு முதல் விடை: உங்கள் மகள் படிப்பை விடவில்லை. படிப்பின் இன்னொரு வகுப்புக்குப் போகிறாள்.

என் ஆறு மாதம்

நான் பெங்களூரில் ஒரு கல்வி நிறுவனத்தில் 2009-இல் ஆய்வில் சேர்ந்தேன். அலுமினிய வார்ப்புகளில் தோன்றும் நுண்துளைகள் என் பொருள். மூன்றாம் ஆண்டு முடிவில் என் வழிகாட்டி, கொங்கு நாட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்கு ஆறு மாதம் என்னை அனுப்பினார். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"என்ன கண்ணு, டாக்டருக்குப் படிக்கிறேன்னே. இப்ப பவுண்டரிக்குப் போறேங்கறே? பவுண்டரி வேலைக்கு இத்தனை படிப்பு எதுக்கு?" என்றார் தந்தையார். "பயிற்சிதானுங்கப்பா" என்றேன். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அத்தொழிற்சாலையில் ஒரு வார்ப்பு, காற்றழுத்தச் சோதனையில் கசிந்துகொண்டிருந்தது. கசிந்ததெல்லாம் கழிவு. காரணம் கண்டுபிடிப்பது என் வேலை. கழிவுக் குவியலிலிருந்து இருபது வார்ப்புகளை எடுத்து அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். துளைகள் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருந்தன.

இங்கே ஒரு சிறு பாடம். வார்ப்பில் துளை இரு வகையில் வரும். உலோகம் உறையும்போது சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப உருகிய உலோகம் வந்து சேராவிட்டால் கோணல்மாணலான துளை விழும். மற்றொன்று வாயுத் துளை. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அதைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் திறன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மிஞ்சிய வாயு குமிழியாகி உருண்டைத் துளையாக நின்றுவிடும். இதைத் தடுக்க, வார்ப்பதற்கு முன் உருகிய உலோகத்தினூடே ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள்.

நான் கண்டது உருண்டைத் துளை. "ஹைட்ரஜனே காரணம், வாயு நீக்கும் நேரத்தை இரு மடங்காக்குக" என்று பத்துப் பக்க அறிக்கை கொடுத்தேன். நிர்வாகம் என்னை நம்பி அப்படியே செய்தது. இரண்டு வாரம் ஆயிற்று. கசிவு குறையவில்லை. நேரம் கூடியதால் உலோகம் ஆறி, அச்சு முழுவதும் ஓடாமல் குறை வார்ப்புகள் வந்தன. கழிவு முன்னிலும் அதிகமாயிற்று. கழிவு கூடினால் அங்கே தொழிலாளர்களின் ஊக்கத்தொகை குறையும். பத்துப் பக்கம் எழுதிய எனக்கு அது தெரியாது. உணவுக்கூடத்தில் என் மேசைக்கு யாரும் வரவில்லை என்பதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

உருக்குப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்த மேஸ்திரி ஒருவர் ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டார்.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க அறுத்துப் பார்த்த பீஸெல்லாம் எந்த ஷிப்டு?"

விழித்தேன். குவியலிலிருந்து எடுத்தேனே தவிர, எந்த நேரத்து வார்ப்பு என்று நான் கேட்கவே இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். எந்த மணிக்கு எத்தனை கழிவு என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தார். யாரும் கேட்டதில்லை, அவராகக் குறித்தது. பார்த்தால், கசிவில் பெரும்பகுதி இரவு ஷிப்டின் முதல் மணி நேரத்தில் இருந்தது. மாலை ஷிப்டு முடியும்போது, உலோகத்தை மொண்டு ஊற்றும் லேடிலுக்குப் புதுப் பூச்சுப் பூசுவார்கள். அதை நன்றாகக் காய்ச்ச வேண்டும். அவசரத்தில் காய்ச்சும் நேரம் குறைந்துபோயிருந்தது. மேலுக்கு உலர்ந்தது போலத் தெரியும். பூச்சுக்குள் ஈரம் இருக்கும். உலையில் சுத்தமாக இருந்த உலோகம் லேடிலில்தான் வாயுவை ஏற்றியிருக்கிறது!

நான் ஹைட்ரஜன் என்று சொன்னது சரி. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் தவறினேன். பிறகு அவரும் நானும் சேர்ந்து, லேடிலைக் காய்ச்சும் நேரத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் வார்ப்புகளைத் தனித்தனியே குறியிட்டு அறுத்துப் பார்த்தோம். கசிவு குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்ற எண்ணைச் சொல்ல இன்றும் எனக்கு உரிமை இல்லை. அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். அந்த இறுதி அறிக்கையில் மேஸ்திரியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன், சேர்த்தார்கள். அன்றிலிருந்து நான் அவருக்கு 'சார்' இல்லை, 'தம்பி' ஆனேன்.

படிக்காமல் இட்ட கையெழுத்து

பயிற்சியின் முதல் நாள் ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் நெருக்கி அச்சடித்தது. கேன்டீனுக்குப் போகும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்திட்டேன். 'இங்கே பெற்ற எந்தத் தகவலையும் நிறுவனத்தின் எழுத்து மூலமான இசைவின்றி வெளியிடக் கூடாது' என்று அதில் ஒரு வரி இருந்தது. ஆய்வேடும் வெளியீடுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த லேடில் வேலை. இசைவு கேட்டு எழுதினோம். பதில் வரவில்லை. எங்களோடு பேசிய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவருக்கு எதுவும் தெரியவில்லை. பதினான்கு மாதம் போயிற்று. இதற்கிடையில் ஐந்தாண்டு முடிந்து என் உதவித்தொகை நின்றுவிட்டது. ஏழு மாதம் என் தந்தையார் கல் வேலையில் சேர்த்து வைத்த பணத்தை மாதாமாதம் அனுப்பினார். "இன்னும் எத்தனை நாள் கண்ணு?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாள்களை நான் மறக்கவில்லை.

கடைசியில் என் வழிகாட்டியே நேரில் போய்ப் பேசினார். நிறுவனத்தின் பெயர் வராது, உலோகக் கலவையின் சரியான அளவுகள் வராது, கழிவு எண்களை அப்படியே தராமல் ஒன்றுக்கொன்று உள்ள விகிதமாகத் தருவது என்று உடன்பாடு ஆயிற்று. அத்தியாயம் உயிர் பிழைத்தது. முதல் நாளே பேசியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. ஒரு கண்டுபிடிப்பை முன்பே வெளியிட்டுவிட்டால் பிறகு அதற்குக் காப்புரிமை பெறுவது கடினம். போட்டியாளருக்குத் தன் குறை தெரிந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. அவர்கள் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர் வெளியிடுவதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் இணக்கிக்கொள்வதுதான் அறிவுடைமை.

மாணவர் நினைவில் கொள்ள வேண்டியவை

1. காலம்: பாடங்களும் தகுதித் தேர்வும் முடிந்து, ஆய்வுக் கேள்வி தெளிவான பிறகு போவது நல்லது. முதலாண்டில் போனால் என்ன பார்ப்பது என்று தெரியாது. ஆய்வேடு எழுதும் ஆண்டில் போனால் எழுத்து நின்றுபோகும்.

2. பொருள்: பயிற்சி வேலை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் ஆகுமா, தனிப் பயிற்சியா என்பதை வழிகாட்டி, நிறுவன அதிகாரி, மாணவர் மூவரும் அமர்ந்து முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

3. ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க வேண்டும். வெளியிட இசைவு எத்தனை நாளுக்குள் தரப்படும், பதில் வராவிட்டால் என்ன, காப்புரிமையில் மாணவர் பெயர் வருமா என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். கல்வி நிறுவனத்தின் ஆய்வு அலுவலகத்திலும் ஒருமுறை காட்ட வேண்டும்.

4. பணம்: உதவித்தொகை தொடருமா, நிற்குமா? பயிற்சி மாதங்கள் மொத்த உதவித்தொகைக் காலத்தில் கழியுமா? இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

5. பாதுகாப்பு: உருகிய உலோகத்துக்கு அருகில் ஈரம் உயிருக்கே ஆபத்து. காலணி, கண்ணாடி, கையுறை இன்றி உலைப்பக்கம் போகக் கூடாது. காப்பீடு உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. குறிப்பேடு: எந்த மாதிரி, எந்த நாள், எந்த ஷிப்டு, எந்த உலை, யார் கையால் வார்த்தது என்று எழுத வேண்டும். நான் எழுதவில்லை, மேஸ்திரி எழுதியிருந்தார்.

7. மனிதர்: முதல் வாரம் பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தமிழும் தெரியும், இருக்கும் ஊரின் மொழியும் தெரியும். உலைப்பக்கத்தில் ஆங்கிலத்தைவிட அவை இரண்டும் அதிகம் உதவும்.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. மாணவர் விசாவில் இருப்பவர் பயிற்சிக்குப் போகப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் முன் அனுமதி பெற வேண்டும். படிப்புக் காலத்தில் முழுநேரப் பயிற்சி 12 மாதத்தை எட்டிவிட்டால், பட்டம் பெற்ற பின் கிடைக்கும் வேலைப் பயிற்சி உரிமை போய்விடும். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே நண்பர்களைக் கேட்காமல் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு

முனைவர் பட்டம் பெற்றவர் அனைவருக்கும் கல்லூரியில் பேராசிரியர் வேலை காத்திருப்பதில்லை. தொழில் ஆய்வுக்கூடங்களிலும் இடம் உண்டு என்பதை உங்கள் பிள்ளை படிக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. அங்கே போய், "இது எனக்கு ஒத்துவராது" என்று திரும்பினாலும் அதுவும் இலாபமே. மூன்றாண்டு ஆனபின் பயிற்சி என்றால் படிப்பு நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். "எப்போது முடியும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்தாயா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் என் தந்தையாரின் ஏழு மாதப் பணம் மிஞ்சியிருக்கும்.

பட்டம் வாங்கிய பிறகு ஹனூருக்குப் போனேன். லேடில் கதையைத் தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மேஸ்திரி தட்டிப் பார்த்திருக்காரு. நீ தட்டாம எடுத்துட்டே" என்றார்.

அந்த அம்மையாரின் மகள் பயிற்சிக்குப் புறப்படுமுன் என்னைச் சங்க நூலகத்தில் சந்திக்கட்டும். ஒப்பந்தத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், சேர்ந்தே படிப்போம். இதே நிலையில் உள்ள மற்ற குடும்பத்தாரும் தயங்காமல் வரலாம்.